ஒரு மோட்டார் வண்டியின் ஜாதகம்

ஆடிப் பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய தேர் ஓடுகிறது. அந்தத் தேர் நிலைக்கு வந்து சில தினங்களுக்கெல்லாம் பூமியின் மறுபக்கத்தில் பல்லாயிரம் தேர்கள் புறப்படுகின்றன. ஆகஸ்டு மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை அந்த உற்சவத்துக்கு உரிய தினம். இடம், அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து டெட்ராய்ட் நகரையடுத்த உட்வர்ட் வீதி. அங்கே வடம் பிடிக்க ஜனங்கள் வேண்டியதில்லை. ஒவ்வொரு தேரின் வயிற்றுக்குள்ளும் முந்நூறு, நானூறு குதிரைகளின் பலம் அடைபட்டிருக்கிறது.

‘உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்’ என்பது அந்தத் திருவிழாவின் பெயர். உட்வர்ட் கனவு உலா என்று சொல்லலாம். பெர்ண்டேல் என்ற சிற்றூரில் குழந்தைகள் பந்தாட ஒரு மைதானம் வேண்டியிருந்தது. அதற்கு நிதி திரட்டுவதற்காக 1995-ம் வருஷத்தில் சிலர் கூடிப் பழைய மோட்டார் வண்டிகளின் ஊர்வலம் ஒன்றை நடத்தினார்கள். மைதானம் கேட்டவர்கள் மகா சமுத்திரத்தையே திறந்துவிட்டார்கள். இப்போது பார்க்க வருகிறவர்களைக் கணக்கிட லட்சங்கள் வேண்டியிருக்கின்றன.

நாம் அங்கே போனது தற்செயலாக நேர்ந்ததுதான். டிராய் என்ற புறநகரில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர் மோட்டார்க் கம்பெனியில் என்ஜினீயராக இருக்கிறார். “நயாகரா நீர்வீழ்ச்சி எங்கேயும் ஓடிவிடாது, ஸார். இந்தத் தேரோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்” என்று நம்மைத் தடுத்து நிறுத்திவிட்டார். தேரைப் பார்க்கத்தான் தங்கினோம். ஆனால் தேரைச் செப்பனிடும் ஒரு மனிதரைப் பார்த்ததுதான் நமக்கு லாபமாயிற்று.

உட்வர்ட் வீதி

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நண்பர் நம்மைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அந்த வீதியை அடியிலிருந்து முடிவரை காட்டினார்.

டெட்ராய்ட் நதியின் அருகே தொடங்கும் உட்வர்ட் வீதி, வடமேற்கு நோக்கிச் சுமார் 27 மைல் ஓடிப் பொன்டியாக் என்ற நகரில் முடிகிறது. மோட்டார் வண்டியின் சரித்திரம் முழுவதையும் இந்த ஒரே வீதியில் படித்துவிடலாம். முதலில் வருவது நகரத்தின் கலைக்கூடம். அதன் முற்றத்து நான்கு சுவர்களிலும், மெக்ஸிகோ தேசத்துச் சித்திரக்காரர் டீகோ ரிவேரா 1932, 1933-ம் வருஷங்களில் எழுதிய பிரம்மாண்டமான ஓவியங்கள் இருக்கின்றன. தேவர்களும் அரசர்களும் இருக்க வேண்டிய இடத்தில் தொழிலாளிகள் நிற்கிறார்கள். அக்கினி குண்டம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு உருக்கும் உலை எரிகிறது. இஞ்சின் அச்சுக்களைத் தூக்கும் அந்த மனிதர்களின் வளைந்த முதுகைப் பார்த்தபின், எந்த மோட்டார் வண்டியையும் வெறும் இரும்பாக நினைக்க மனம் வராது.

இன்னும் சற்று வடக்கே ஹைலண்ட் பார்க். ஹென்றி போர்டின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. ஆட்கள் வண்டியைத் தேடிப் போகாமல், வண்டியே ஆட்களைத் தேடி நகர்ந்து வரும்படி 1913-ல் அங்கே ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முன் ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைக் கோத்து முடிக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்ததாம். பிறகு 93 நிமிஷம் போதுமாயிற்று. அதைத் தாண்டினால், 1909-ல் சிமெண்டுக் கான்கிரீட் போட்ட ஒரு மைல் தூரம். அமெரிக்காவில் கான்கிரீட் போட்ட முதல் மைல் என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்பால் பெர்ண்டேல், ராயல் ஓக், பர்மிங்ஹாம் என்று பச்சைப் புல்வெளிகள் உள்ள ஊர்கள் வரிசையாக வருகின்றன. வீதி நேராகவும் அகலமாகவும் இருக்கிறது. 1960-க்குப் பிந்திய வருஷங்களில் இந்த நேரான பாதையில்தான் வாலிபர்கள் இரவு நேரத்தில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து இன்னொரு விளக்குக் கம்பம் வரையில் வண்டிகளைப் பந்தயம் விட்டார்கள். போலீஸ்காரர்கள் துரத்தினார்கள். மோட்டார்க் கம்பெனிகளின் என்ஜினீயர்களே தங்கள் புது இஞ்சின்களை ரகசியமாகக் கொண்டுவந்து அந்தக் கூட்டத்தில் பரீட்சை பார்த்தது உண்டு.

புஜபல மோட்டார்

அந்த வண்டிகளுக்கு அமெரிக்கர் இட்ட பெயர் ‘மஸில் கார்’. புஜபல மோட்டார் என்று நாம் அழைக்கலாம். அதைச் செய்யும் விதம் மிகவும் எளிது. நடுத்தர அளவுள்ள குடும்ப வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது. பெரிய வண்டிக்கு உரிய இஞ்சினை அதற்குள் திணித்துவிட வேண்டியது. விலையை மட்டும் ஒரு வாலிபனின் சம்பளத்துக்கு எட்டும்படி வைத்துவிட வேண்டியது. பூனையின் உடம்பில் புலியின் இருதயம்!

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது பொன்டியாக் கம்பெனியின் ஜி.டி.ஓ. என்று பெரும்பாலோர் சொல்வார்கள். நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இஞ்சினைப் பொருத்தலாகாது என்பது தாய்க் கம்பெனியாகிய ஜெனரல் மோட்டார்ஸின் கட்டளை. பொன்டியாக்கின் தலைமை என்ஜினீயராயிருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் ஒரு யுக்தி செய்தார்கள். 1964-ம் வருஷத்து வண்டியில் 389 கன அங்குல இஞ்சினை, விரும்புகிறவர்கள் தனிப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் உபரிச் சாமானாகச் சேர்த்தார்கள். சட்டத்துக்கும் பங்கமில்லை, புலிக்கும் இடம் கிடைத்தது. ஐயாயிரம் வண்டி விற்றால் போதும் என்று நினைத்தார்கள். அந்த வருஷத்தில் விற்றவை 32,450.

பிறகு எல்லாக் கம்பெனிகளும் போட்டிக்கு இறங்கின. பிளிமத் கம்பெனி 1968-ல் ‘ரோட் ரன்னர்’ என்ற வண்டியை விட்டது. சினிமாவில் வரும் ஒரு கேலிச் சித்திரப் பறவையின் பெயர் அது. பெயருக்காகப் பணம் கொடுத்ததோடு நில்லாமல், அந்தப் பறவையைப் போலவே ‘பீப் பீப்’ என்று கத்தும் ஊதுகுழலையும் அதில் பொருத்தினார்கள்!

ஆனால் புலிக்கு ஆயுள் குறைவு. வாலிபர்களின் வண்டிகளுக்கு இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் ஏறிற்று. 1970-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. 1974-ம் வருஷத்தோடு ஜி.டி.ஓ. நின்றது. 2010-ல் பொன்டியாக் என்ற பெயரே மோட்டார் உலகிலிருந்து மறைந்தது. வீதியின் கடைசியில் இருக்கும் ஊருக்கு மாத்திரம் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. அது 1763-ல் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்ட ஆதிக்குடித் தலைவர் ஒருவரின் பெயர்.

உப்பும் இரும்பும்

“இத்தனை லட்சம் வண்டிகள் எங்கே போயின?” என்று நாம் கேட்டோம்.

நண்பர் வண்டியை நிறுத்தித் தரையைச் சுட்டிக் காட்டினார். “காலுக்குக் கீழே பாருங்கள். அதுதான் தின்றுவிட்டது” என்றார்.

டெட்ராய்ட் நகரத்தின் அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. ஆதிகாலத்துக் கடல் ஒன்று வற்றிப்போய் விட்டுச்சென்ற உப்பு அது. நூறு வருஷத்துக்கும் மேலாகத் தோண்டி வருகிறார்கள். பனிக் காலத்தில் வீதிகளில் உறையும் பனியை இளக்குவதற்கு உப்பைத்தான் தூவுகிறார்கள். இளகிய உப்பு நீர் வண்டியின் அடியில் தெறித்துச் சந்துபொந்துகளில் புகுந்துகொள்கிறது. அக்காலத்து இரும்புத் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு இல்லை. ஆகவே ஐந்தாறு குளிர்காலம் கழிவதற்குள் பின்பக்கத் தகடுகளின் கீழ்விளிம்பும், சாமான் வைக்கும் பெட்டியின் தரையும் அப்பளமாகிவிடும். பூமிக்கு மேலே ஒரு கூட்டம் வண்டி செய்தது. பூமிக்குக் கீழே இன்னொரு கூட்டம் அதை அழிக்கும் உப்பை வெட்டியது. இரண்டும் ஒரே ஊரார்தாம்!

அந்த உப்புக்குத் தப்பிய வண்டிகளைத் தேடிப் பிடித்து, பிறந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே வைத்துக் காப்பாற்றும் ஒரு கூட்டத்தார் அமெரிக்கா முழுவதும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நண்பரின் தெருவிலேயே வசித்தார். மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனோம்.

ஜாதகம் பார்த்தல்

பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. இருபது வயதில் பொன்டியாக் தொழிற்சாலையில் சேர்ந்து, நகர்ந்து வரும் வண்டிகளுக்குப் பின்பக்க பம்பரை முடுக்கும் வேலை பார்த்தவர். அவருடைய ஷெட்டில் 1968-ம் வருஷத்து ஜி.டி.ஓ. ஒன்று நின்றது. முற்றிய மாவிலையின் நிறம். வெர்டோரோ பச்சை என்று அந்த நிறத்துக்குக் கம்பெனி பெயரிட்டிருந்தது. மூக்குப் பாகத்தில் பளபளக்கும் இரும்பு பம்பர் கிடையாது. இடித்தாலும் நசுங்காமல் மீளும் ரப்பர் போன்ற வஸ்துவால் செய்து, உடம்பின் நிறத்தையே பூசியிருந்தார்கள். 400 கன அங்குல இஞ்சின். 350 குதிரை சக்தி. நம் ஊர்ச் சிறு கார்களின் இஞ்சின்கள் ஐந்தை ஒன்றாக உருக்கி வார்த்தாற்போல் இருந்தது.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் அதை அவர் வாங்கினாராம்.

“இந்த பம்பரை நீங்கள் முடுக்கியிருப்பீர்களோ?” என்று கேட்டோம்.

“எங்கள் ஆலையில் பிறந்தது என்பது நிச்சயம். அந்த வாரத்தில் நான் லீவு எடுக்கவில்லை என்பதும் நிச்சயம். ஆனால் இரண்டு ஷிப்டு உண்டே! எனக்குப் பாதிப் பங்குதான்” என்று சொல்லிச் சிரித்தார்.

எந்த வாரத்தில் பிறந்தது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஜோசியம் ஆரம்பமாகிறது. இஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் ஒரு சிறு பட்டயம் அடித்திருக்கிறது. அதில் 03 என்ற எண்ணும் ‘பி’ என்ற எழுத்தும் இருந்தால், மூன்றாம் மாதம், இரண்டாம் வாரம் என்று அர்த்தம். 24237 என்ற எண் ஜி.டி.ஓ. வம்சத்தைக் குறிக்கும். மேற்பூச்சு என்ன நிறம், உள்ளே மெத்தை என்ன நிறம் என்பதும் அதிலேயே இருக்கின்றன. வண்டி எந்தெந்த உபரிச் சாமான்களுடன் விற்பனைக்குப் போயிற்று என்ற கம்பெனிப் பட்டியலின் நகலைப் ‘பொன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீஸஸ்’ என்ற நிறுவனத்திடம் பணம் கட்டிப் பெறலாம். சில வண்டிகளில் ஆசனத்தின் சுருள் கம்பிகளுக்கு நடுவிலோ, பெட்ரோல் தொட்டியின் மேலேயோ, தொழிலாளிகள் பார்த்து வேலை செய்த காகிதமே அகப்பட்டுவிடும். எலி கடிக்காமல் அந்தக் காகிதம் கிடைத்தால், வீட்டில் புதையல் எடுத்த மாதிரிதான்.

ஒவ்வோர் உறுப்புக்கும் இப்படி நட்சத்திரம் உண்டு. கார்புரேட்டரின் பக்கவாட்டில் எண் இருக்கிறது. கண்ணாடியின் மூலையில் குறி இருக்கிறது. போல்ட்டின் தலையில் அதைச் செய்த ஆலையின் எழுத்துக்கள் இருக்கின்றன. “கடையில் புதிய போல்ட் இரண்டு நாணயத்துக்குக் கிடைக்கும். தலையில் சரியான எழுத்துள்ள பழைய போல்ட்டுக்காக நான் மூன்று மாகாணம் அலைந்திருக்கிறேன்” என்றார் பெரியவர். பென்ஸில்வேனியா மாகாணத்து ஹெர்ஷி என்ற ஊரில் 1955 முதல் ஆண்டுதோறும் பழைய மோட்டார்ச் சந்தை ஒன்று கூடுகிறதாம். அக்காலத்தில் செய்து, விற்காமல் பெட்டியிலேயே தங்கிவிட்ட உறுப்புகளை அங்கே தேடுவார்கள். கம்பெனியின் பழைய அட்டைப் பெட்டியைக் கூட அவர் எறிவதில்லை. துருப்பிடித்த பழைய உறுப்பைக் கழற்றினால், எந்த இடத்தில் இருந்தது, என்றைக்குக் கழற்றினோம் என்று சீட்டெழுதிக் கட்டித் தனி அலமாரியில் வைத்துவிடுகிறார்.

பெயிண்ட் விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கதவின் கீழே உப்புத் தின்ற இடத்தில் மட்டும் டிங்கர் வேலை செய்து, பழைய மாதிரி லாக்கர் பூசியிருந்தார். மற்ற இடமெல்லாம் பிறந்த நாளைய பூச்சு, இங்குமங்கும் மங்கியிருந்தது. “இன்றைய பெயிண்டைப் பூசினால் கண்ணாடி போல் மின்னும். எங்கள் ஆலையிலிருந்து எந்த வண்டியும் அப்படி மின்னிக்கொண்டு வெளியே போனதில்லை. ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசாகச் சொரசொரப்பு இருக்கும். அதுதான் எங்கள் கை வேலை” என்றார். தடுப்புத் தகட்டில் யாரோ ஒரு பரிசோதகர் அவசரமாக இழுத்த பெயிண்டுக் கோடு ஒன்று இன்னும் இருந்தது. அதைச் சுற்றித் துடைப்பாரே தவிர அதன்மேல் துணி படவிடமாட்டார்.

நமக்கு நம் ஊர்க் கோயில்கள் நினைவுக்கு வந்தன. ஜீர்ணோத்தாரணம் என்று சொல்லிக்கொண்டு தூண்களின்மேல் மணலைப் பீச்சிச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்துக்களையும் சிற்பத்தின் மூக்கு நுனியையும் சேர்த்துத் தேய்த்துவிட்ட புண்ணியவான்கள் நம்மிடையே உண்டு. அழுக்கு எது, எழுத்து எது என்று தெரிந்துகொள்வதுதான் செப்பனிடும் வேலையில் பாதி.

பிறகு, எப்படித்தான் இந்த வயதான புலியை ஓடவைக்கிறார் என்று விசாரித்தோம். ஈயம் கலந்த பெட்ரோலுக்காக அமைந்த இஞ்சின் இது. அந்த ஈயம் வால்வுகளின் பீடத்துக்கு ஒரு மெத்தை போல் உதவிவந்தது. அமெரிக்காவில் 1996-ம் வருஷம் முதல் வீதி வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் அடியோடு நின்றுவிட்டதால், கடினமான எஃகு வளையங்களை வால்வு பீடத்தில் பதித்திருக்கிறார். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் சாராயம் பழைய ரப்பர்க் குழாய்களை அரித்துவிடும். ஆகவே குழாய்கள் புதியவை. பார்வைக்கு மட்டும் பழையவை. மசகெண்ணெயில் துத்தநாகச் சத்துச் சேர்ந்திருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது வண்டியை வெளியே எடுத்து, நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் புகைக் குழாய்க்குள் ஈரம் தங்கித் துருவேறும். கார்த்திகை பிறந்தால் தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றிப் போர்வை போட்டுவிடுவார். வசந்த காலத்து மழை இரண்டு பெய்து வீதியின் உப்பைக் கழுவிய பிறகுதான் போர்வையை எடுப்பார்.

“ஓட்டுவது சுலபம். நிறுத்துவதுதான் கஷ்டம். நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்” என்று சொல்லிப் பெரியவர் மறுபடியும் சிரித்தார். அப்போது அவருடைய மனைவி எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து வைத்து, “இவர் நிறுத்தத்தான் போகிறார். நாளைக்கு இதை விற்கப் போகிறோம்” என்றார்.

கூடப் பிறக்காத இஞ்சின்

பெரியவருக்கு முழங்கால் வலி. இரண்டு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தால் எழுந்திருக்கப் பத்து நிமிஷம் ஆகிறது. வீட்டின் கூரையோ சென்ற குளிர்காலத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது. பிள்ளைகளிடம் கேட்க அவருக்கு மனமில்லை. நல்ல விலைக்கு வண்டி போனால் கூரை முழுவதையும் மாற்றிவிடலாம்.

“விலை வருமா?” என்று நண்பர் கேட்டார்.

பெரியவர் பதில் சொல்லாமல் கையிலிருந்த டார்ச் விளக்கை நம்மிடம் கொடுத்து, இஞ்சினின் பின்பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். குனிந்து பார்த்தோம். இரும்பை வார்க்கும்போதே மேடாக எழுந்த எழுத்துக்கள். ஈ, 14, 8.

“‘ஏ’ என்றால் ஜனவரி. அந்த வரிசைப்படி ‘ஈ’ என்றால் மே மாதம். மே மாதம் பதினாலாம் தேதி, 1968. வண்டி பிறந்தது மார்ச்சு மாதம்” என்றார்.

நமக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வண்டி ஆலையை விட்டுப் போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு இஞ்சின் பிறந்திருக்கிறது! கல்யாணம் நடந்து முடிந்தபின் மாப்பிள்ளை பிறந்த கதைதான். யாரோ, எப்போதோ, இந்த வண்டியின் சொந்த இஞ்சினை எடுத்துவிட்டு வேறொரு ஜி.டி.ஓ.வின் இஞ்சினை வைத்துவிட்டார்கள். 1968 முதல் வண்டியின் எண்ணையும் இஞ்சினில் பொறிக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டிருந்தது. அந்த எண்ணும் பொருந்தவில்லை. வாங்கிய மறு வாரமே பெரியவர் இதைக் கண்டுபிடித்துவிட்டாராம். சொந்த இஞ்சினைத் தேடிப் பழைய மோட்டார்ப் பத்திரிகைகளில், ‘இந்த எண்ணுள்ள இஞ்சினைக் கண்டவர்கள் தெரிவிக்கவும்’ என்று விளம்பரம் செய்தார். காணாமற்போன பிள்ளையைத் தேடும் விளம்பரம் போலவே பன்னிரண்டு வருஷமாகப் போட்டுப் பார்த்தார். பதில் இல்லை.

எண் பொருந்திய வண்டிக்கு ஒரு விலை; பொருந்தாததற்கு வேறு விலை. ஓட்டத்தில் இரண்டுக்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை. ஆனால் விலையில் இருக்கும் வித்தியாசத்தில் அந்த வீட்டுக் கூரை அடங்கிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வியாபாரி வந்து யோசனை சொன்னானாம். மேடாக இருக்கும் தேதியைத் தேய்த்து, வேறு தேதியை ஒட்ட வேண்டியது. பொறித்த எண்ணை அரைத்துவிட்டு, வண்டியின் எண்ணை அதே மாதிரி அச்சுக்களால் அடித்துவிட வேண்டியது. அரை நாள் வேலை. பழைய துருவைப் பூசி மறைத்துவிட்டால் பிரம்மாவுக்கும் தெரியாது. அப்படிச் செய்த வண்டிகள் எத்தனையோ வீதியில் ஓடுகின்றனவாம்.

“நீங்கள் ஏன் செய்யவில்லை?” என்று கேட்டுவிட்டோம். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

பெரியவர் சிறிது நேரம் டார்ச் விளக்கை அணைத்தும் ஏற்றியும் கொண்டிருந்தார். பிறகு, “அந்த எண்களை அடித்தவர் எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்று வேலை செய்தார். எட்டு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவர் இறந்துபோய்விட்டார். அவருடைய கையெழுத்தை நான் போடலாமா?” என்றார்.

தேர் புறப்பாடு

சனிக்கிழமை காலையில் நாமும் நண்பரும் அந்த வண்டியின் பின் ஆசனத்தில் உட்கார்ந்து உட்வர்ட் வீதிக்குப் போனோம். சாவியைத் திருப்பியதும் ஷெட்டில் தொங்கிய தகரங்களெல்லாம் அதிர்ந்தன. முன் மூடியின்மேல், கண்ணாடிக்கு வெளியே, இஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள் ஒன்று துடித்தது. பெரியவரின் மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். ஐம்பது வருஷத்து வழக்கம் போலிருந்தது.

வீதியின் இரு மருங்கிலும் புல்தரையில் நாற்காலி போட்டு ஜனங்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். செவெல், சார்ஜர், மஸ்டாங், ரோட் ரன்னர் என்று நிறம் நிறமாக வண்டிகள் ஊர்ந்தன. மணிக்கு நூறு மைல் பாயப் பிறந்தவை அன்றைக்கு ஆமை நடை நடந்தன. ‘பீப் பீப்’ சத்தம் கேட்டதும் குழந்தைகள் எழுந்து குதித்தார்கள். பாட்டனார்கள் பேரன்மாருக்கு விரலை நீட்டி ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ராயல் ஓக் ஊரில் ஒரு மரத்து நிழலில் வண்டியை நிறுத்தி, ‘விற்பனைக்கு’ என்ற அட்டையைப் பெரியவர் கண்ணாடியில் சாத்தி வைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் இருபது பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு, பக்கத்து ஒஹாயோ மாகாணத்திலிருந்து வந்த ஓர் இளைஞரும் அவர் மனைவியும் நின்றார்கள். இளைஞர் வண்டியை மூன்று முறை வலம் வந்தார். அவருடைய தகப்பனார் இதே பச்சை நிறத்து வண்டி வைத்திருந்தாராம். பெரியவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் ஒரு தொகையைச் சொல்லிவிட்டார். அது சகல லட்சணமும் பொருந்திய வண்டிக்கு உரிய தொகை. கூரை முழுவதும் போட்டு, மிச்சமும் இருக்கும்.

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் பெரியவரின் மனைவியைப் பார்த்தோம். அந்த அம்மாள் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் முன் மூடியைத் தூக்கினார். சட்டைப் பையிலிருந்து டார்ச் விளக்கை எடுத்து இளைஞரிடம் கொடுத்து, “பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இந்த இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்” என்றார்.

இளைஞர் குனிந்து பார்த்தார். எழுத்துக்களின் அர்த்தத்தைப் பெரியவரே விளக்கினார். இளைஞர் நிமிர்ந்து, மனைவியுடன் சற்றுத் தூரம் போய்ப் பேசினார். பத்து நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்து, முன் சொன்னதில் ஏறக்குறைய நாலில் ஒரு பாகம் குறைத்துச் சொன்னார். பெரியவர் கையை நீட்டினார், கை குலுக்கிக்கொண்டார்கள். பேரம் முடிந்தது.

அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, “இந்த இஞ்சின் இந்த வண்டியோடு பிறந்ததல்ல. அசல் இஞ்சினின் எண் பின்புறம் இருக்கிறது. அகப்பட்டால் சேர்த்துவிடவும்” என்று எழுதித் தேதியிட்டார். கம்பெனிப் பட்டியலின் நகலோடு அதைச் சேர்த்து வண்டியின் சிறு பெட்டிக்குள் வைத்து மூடினார். சீட்டெழுதிக் கட்டிய பழைய உறுப்புகளெல்லாம் இரண்டு மரப்பெட்டிகளில் பின்னால் வருமென்று சொன்னார்.

வீடு திரும்பும்போது நண்பரின் புதிய வண்டியில் ஐந்து பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். அது சத்தமே போடாமல் ஓடிற்று. வெகு நேரம் ஒருவரும் பேசவில்லை. கடைசியில் அந்த அம்மாள், “மூன்று இடத்தில்தானே ஒழுகுகிறது? நம் வீட்டில் நாலு பாத்திரம் இருக்கிறது” என்றார்.

ஐந்து பேர் என்று எழுதிவிட்டோம். எண்ணிப் பார்த்தால் நாம், நண்பர், பெரியவர், அவர் மனைவி ஆக நாலு பேர்தாம். ஐந்தாவதாக மடியில் இருந்தது பெரியவரின் கருவிப் பெட்டி. அதை மட்டும் அவர் விற்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்த பிறகு, அக்டோபர் மாதத்தில் நண்பர் ஒரு கடிதம் எழுதினார். பெரியவர் வீட்டுக் கூரையில் தெருப்பக்கத்துப் பாதியைப் புதிதாகப் போட்டுவிட்டார்களாம். தோட்டத்துப் பக்கம் வசந்த காலத்தில் ஆரம்பமாகுமாம். ஒஹாயோ இளைஞர் வெள்ளை அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம். காணாமற்போன இஞ்சினுக்காக இப்போது அவர் பெயரில் விளம்பரம் வருகிறதாம்.